சித்தப்பா போட்டுக் காட்டிய படம்

கேள்வி: எனக்கு ஊர் குடியாத்தம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் பத்து நாள் நைட் ட்யூட்டி வரும். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8 வயது. போன மாதம் நான் ட்யூட்டியில் இருந்த ஒரு ராத்திரி, என் கொழுந்தனார் லேப்டாப்பை டிவியில் மாட்டி, பிள்ளைகளுக்கு 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். மூன்று மணி நேரப் படம். என் கணவர் கடையை மூடிவிட்டு வரும்போது படம் முடிகிற நேரம். "சின்னப் பையனுக்குக் காட்டுற படமாடா இது? சூப்பர்மேனையே கெடுத்து வெச்சிருக்கான்" என்று அவர் சத்தம் போட, "இதாண்ணா நிஜமான சூப்பர்மேன் படம். உனக்குப் புரியலன்னா சும்மா இரு" என்று இவர் கத்த, வீடு இரண்டாகிவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேருமே சின்ன வயதிலிருந்து சூப்பர்மேன் பைத்தியம். இப்போது சரியான பேச்சுவார்த்தை இல்லை. மகள் சித்தப்பா கட்சி. மாமியாரோ, "நாங்கல்லாம் படுகளம் பாத்து, சிரசு பாத்து வளரலையா? ஒரு சினிமாவுக்கா இவ்ளோ?" என்கிறார். பையன் மட்டும் அன்றிலிருந்து தனியாகப் படுப்பதில்லை. நான் யூனிஃபார்ம் போட்டாலே அழுகிறான். "உன்ன எவனாச்சும் புடிச்சிகினு போயிட்டா?" என்று கேட்கிறான். ஒரு படம் பார்த்தால் இப்படி ஆகுமா? இந்த மாதிரிப் படங்களையே இனிமேல் காட்டக் கூடாதா? எங்கள் வீட்டில் யார் சொல்வது சரி?

— பெயர் வெளியிட வேண்டாம், குடியாத்தம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "உன்ன எவனாச்சும் புடிச்சிகினு போயிட்டா?" எது பயமாக இருக்கிறது என்பதை உங்கள் மகன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். பெரியவர்கள் படத்தைப் பற்றிச் சண்டை போட்ட சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் அவன் கேள்வி உடனே புரிந்திருக்கும். படம் தொடங்குவதே ஒரு சின்னப் பையனின் கண்ணெதிரே அவன் அம்மா அப்பாவைச் சுடுவதில்தான். அந்தப் பையன் வளர்ந்துதான் பேட்மேன் ஆகிறான். நடுவில் அவனுக்கு ஒரு கெட்ட கனவு வரும். அம்மாவின் கல்லறைக்குப் போவான், கல்லிலிருந்து ரத்தம் கசியும், உள்ளேயிருந்து ஒரு ராட்சச வௌவால் பாய்ந்து வரும். கடைசிப் பகுதியில் வில்லன் சூப்பர்மேனின் அம்மாவையே கடத்திக் கட்டிப்போட்டு, போட்டோ எடுத்துக் காட்டுவான். 'பேட்மேனைக் கொன்றால்தான் உன் அம்மா உயிரோடு வருவாள்' என்பான். எல்லாம் முடிந்து கடைசியில் சூப்பர்மேனும் செத்துப்போய், சவப்பெட்டியில் வைத்துப் புதைக்கிறார்கள்.

எட்டு வயதுப் பையன். அன்று ராத்திரி அம்மா வீட்டில் இல்லை. உலகத்திலேயே பலசாலியான ஒருத்தரால்கூடத் தன் அம்மாவைக் கடத்தாமல் தடுக்க முடியவில்லை என்று ஒரு படம் மூன்று மணி நேரம் சொல்கிறது. அவனுக்குத் தூக்கம் வராததில் என்ன ஆச்சரியம்?

நீங்கள் எழுதிய 'மூன்று மணி நேரம்' என்பதையும் சும்மா விட முடியவில்லை. 2016 மார்ச்சில் தியேட்டருக்கு வந்தபோது இந்தப் படம் 151 நிமிடம்தான். அமெரிக்காவில் பி.ஜி.-13 சான்றிதழ், அதாவது 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சில காட்சிகள் ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை. பிறகு வீட்டில் பார்ப்பதற்கென்று 182 நிமிடத்தில் நீட்டிய பதிப்பு ஒன்று வந்தது. அதற்கு வன்முறைக்காகவே அங்கே 'ஆர்' சான்றிதழ் கொடுத்தார்கள். 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்பது அதன் அர்த்தம். உங்கள் வீட்டில் ஓடியது அந்த நீளப் பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் கொழுந்தனார் இதைக் கவனித்திருக்க மாட்டார். ரசிகர்களுக்கு நீளப் பதிப்புதான் முழுப்படம், அதைத்தான் விரும்பிப் பார்ப்பார்கள். அவர் தனக்கு ரொம்பப் பிடித்ததைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ள நினைத்திருக்கிறார். அந்த ஆசையில் தப்பு இல்லை.

இப்போது மாமியார் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே கனமான கேள்வி அவருடையதுதான். அதை 'அந்தக் காலத்துப் பேச்சு' என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆற்காடு பக்கம் எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பாரதக் கூத்து நடக்கும். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். துச்சாதனன் திரையைத் தள்ளிக்கொண்டு உறுமியபடி கூட்டத்துக்குள் பாய்ந்து வந்தபோது, நான் அப்பாவின் வேட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். துகிலுரிகிற கட்டம் வந்ததும் கூத்தை நிறுத்தினார்கள். சூடம் கொளுத்தினார்கள். பாஞ்சாலி வேஷம் கட்டியவரை அந்தத் துச்சாதனனே விழுந்து கும்பிட்டார். அதற்கப்புறம்தான் சேலையில் கை வைத்தார். பொழுது விடிந்ததும் அப்பா என்னைக் கொட்டாய்க்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ராத்திரியெல்லாம் உறுமிய அந்த மனுஷர் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் சிவப்பு, பாதி முகம் எங்கள் ஊர் டீக்கடையில் பார்க்கிற யாரோ ஒருவருடைய முகம். "பயந்துட்டியா கண்ணு?" என்று கேட்டு, கழற்றி வைத்த கிரீடத்தை எடுத்து என் தலையில் வைத்தார். கனமாக இருக்கும் என்று கழுத்தை விறைத்துக்கொண்டேன். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தது, பஞ்சு மாதிரி இருந்தது. அதோடு துச்சாதனன் பயம் போயிற்று.

படுகளத்தன்று களிமண்ணில் துரியோதனனை ஆள் படுத்த மாதிரி பெரிதாகச் செய்து வைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி ரத்தம் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். உங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு புறப்படும்போது, அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்காத குடியாத்தம் குழந்தை உண்டா? தாயின் தலையை மகனே வெட்டிய கதை அது. எழுதிக் காட்டினால் எந்தத் தணிக்கைக் குழுவும் யோசிக்கும். அப்புறம் ஏன் நம் பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள்?

கதை அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், பாட்டி பத்துத் தடவை சொல்லியிருப்பார். பார்க்கும்போது யாராவது ஒருவர் மடியிலோ தோளிலோ இருப்பார்கள். ரொம்பச் சூடாகும் நேரத்தில் கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்து, நடந்ததை விளக்கியும் சொல்லிவிடுவான். வேஷம் கட்டுவதையும் கலைப்பதையும் பார்க்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலே, வெட்டுப்பட்ட தலை அப்படியே கிடப்பதில்லை. சிரசு உடலோடு சேர்கிறது, அம்மன் எழுந்து நிற்கிறாள், ஊரே கற்பூரம் காட்டுகிறது. அம்மா திரும்பி வந்துவிடுகிறாள். உங்கள் மகன் பார்த்த படத்தில் இதில் எதுவுமே இல்லை. சூப்பர்மேனின் அம்மாவைக் காப்பாற்றிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் காப்பாற்றிய கையோடு மகன் சாகிறான், அந்த அம்மா அழுகிறாள்.

கூத்து பார்த்துப் பயந்த பிள்ளைகளும் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர்களைத் தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பயம் என்ற பேச்சு வராமலே வளர்ந்த பிள்ளைகள் யாரும் இல்லை.

அடுத்தது, நல்லவர் முகம் மாறுவது. 1980களில் ஜோன் கேன்டர், க்ளென் ஸ்பார்க்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஹல்க் தொலைக்காட்சித் தொடரிலிருந்து ஒரு பகுதியைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பள்ளிக்கூடம் போகாத சின்னக் குழந்தைகள் அதிகமாகப் பயந்தது, சாதுவான அந்த மனிதர் பச்சை ராட்சசனாக மாறிய பிறகுதான். பெரிய பிள்ளைகளுக்கு அப்போது பயம் குறைந்தது. ஹல்க் காப்பாற்றத்தான் வந்திருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். கெட்டவன் கெட்டவனாக இருந்தால் குழந்தை தாங்கும். காப்பாற்ற வேண்டியவரே பயங்கரமாகிவிட்டால்தான் அதற்குப் பிடிமானம் போய்விடுகிறது. இந்தப் படத்தில் பேட்மேன் குற்றவாளிகளின் உடம்பில் சூடு போட்டு முத்திரை குத்துகிறார், சூப்பர்மேனைக் கொல்லவே ஈட்டி செய்கிறார். இரண்டு நல்லவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டால், அங்கே அப்பாவும் சித்தப்பாவும் கத்திக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவனைப் பொறுத்தவரை படம் அன்றைக்கு முடியவில்லை, இன்னும் உங்கள் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

'யார் சொல்வது சரி' என்று கேட்டிருக்கிறீர்கள். ரசிகர்களாக இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த சூப்பர்மேன், மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்கி ஒரு சின்னப் பெண்ணின் கையில் கொடுப்பார். அந்தச் சூப்பர்மேனை மனதில் வைத்திருக்கிற ஒருவருக்கு, 2013இல் வந்த படத்தில் அவர் வில்லனின் கழுத்தை முறித்துக் கொல்வதும், ஊரே இடிந்து விழுவதும் நெஞ்சில் குத்தத்தான் செய்யும். உங்கள் கணவரின் கோபம் அங்கிருந்து வருகிறது. உங்கள் கொழுந்தனாருக்கோ, இந்த 2016 படத்தின் கதை அந்த இடிபாட்டிலிருந்தே கிளம்புவதுதான் அதன் பெருமை. கட்டடம் சரிந்து கிளம்பும் புழுதிக்குள் ஒரு மனிதர் ஓடுகிறார், அம்மாவைப் பறிகொடுத்த ஒரு சின்னப் பெண்ணை அணைத்துக்கொள்கிறார். வானத்தில் சண்டை போடும் பலசாலிகளைக் கீழே இருப்பவர்கள் யார் கேள்வி கேட்பது என்ற விஷயம் படம் நெடுக வருகிறது. யோசிக்க வேண்டிய விஷயம்தான். இரண்டு ஹீரோக்களின் அம்மாக்களுக்கும் ஒரே பெயர், மார்த்தா. அந்தப் பெயரைக் கேட்டதும் சண்டை நிற்கும் காட்சியை ஒரு பாதி ரசிகர்கள் கேலி செய்கிறார்கள், இன்னொரு பாதி கண் கலங்குகிறார்கள். என்னைக் கேட்டால், இது பெரியவர்களின் துக்கத்தைப் பற்றிய படம். சின்ன வயதில் இந்த ஹீரோக்களோடு வளர்ந்து, இப்போது நாற்பது வயதில் உலகத்தைப் பார்த்து மனம் கசந்தவர்களுக்கான படம். அதை நல்ல படம் என்று சொல்லலாம், மோசம் என்றும் சொல்லலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் எட்டு வயதுக்காரனுக்கு அது ஆகாது.

இங்கே நிறைய பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். வேலூர் லாங் பஜாரில் எல்.கே.ஜி. பையில்கூடப் பேட்மேன் படம்தான். அதனால் படமும் குழந்தைகளுக்கானது என்று தோன்றிவிடுகிறது. இது புதிதல்ல. 1992இல் வந்த ஒரு பேட்மேன் படத்துக்கு, மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் சாப்பாட்டோடு பொம்மை கொடுத்தது. படத்தின் இருட்டைப் பார்த்துப் பெற்றோர் கொதித்துப்போய்ப் புகார் செய்தார்கள். அடுத்த படத்துக்கு இயக்குநரையே மாற்றி, தொனியை லேசாக்கினார்கள். பையில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள், சான்றிதழைப் பாருங்கள். நம் நாட்டில் முன்பெல்லாம் வெறும் 'யு/ஏ' என்றுதான் இருக்கும். 2023இல் சட்டத்தைத் திருத்திய பிறகு யு/ஏ 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஓடிடி தளங்களிலும் 2021 விதிகளின்படி இதே மாதிரி வயது போட வேண்டும், 13+க்கும் அதற்கு மேலே உள்ளவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். அந்தப் பூட்டை இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஆனால் லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் போகும் வயருக்குப் பூட்டு கிடையாது. அங்கே சித்தப்பாதான் பூட்டு.

அதற்காக இந்த வகைப் படங்களையே ஒதுக்கச் சொல்ல மாட்டேன். எங்கள் மனநலத் துறையே இதில் ஒரு தடவை தடுக்கி விழுந்திருக்கிறது. 1954இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவையே பயமுறுத்தினார். செனட் வரை விசாரணை போயிற்று, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே கடுமையான கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். 2012இல் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தாமின் பழைய கோப்புகளைப் பார்த்தபோது, பிள்ளைகள் சொன்னதை அவர் பல இடங்களில் மாற்றி எழுதியிருந்தது தெரிந்தது. பிள்ளைகள் பேரைச் சொல்லிப் பெரியவர்கள் தங்கள் கட்சியைப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அவனிடம் "பயமா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "அந்தப் படத்துல எந்த இடம் திரும்பத் திரும்ப வருது?" என்று கேளுங்கள். சொல்ல வராவிட்டால் ஒரு பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். நான் ஊகித்தது தப்பாகக்கூட இருக்கலாம், அவனுக்கு அது வௌவாலாகவும் இருக்கலாம். அவன் வரைந்ததை நம்புங்கள்.

"அதெல்லாம் பொய்டா" என்று சொல்லாதீர்கள். எட்டு வயதில் சூப்பர்மேன் பொய் என்று அவனுக்கே தெரியும். ஆளைக் கடத்துவது பொய் இல்லை என்பதும் தெரியும். அதனால் நிஜத்தைச் சொல்லுங்கள். எந்த பஸ்ஸில் போகிறீர்கள், கூட யார் வருகிறார்கள், வார்டு வாசலில் செக்யூரிட்டி இருக்கிறாரா, ராத்திரி எத்தனை பேர் சேர்ந்து வேலை செய்கிறீர்கள், காலையில் எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் நிற்பீர்கள், இதெல்லாம் அவனுக்குத் தெரியட்டும். ஒரு லீவு நாளில் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலையும் பஸ் ஸ்டாண்டையும் காட்டினால் இன்னும் நல்லது. ட்யூட்டி நாளில் அவன் படுக்கப் போகும் முன் ஒரு போன், தினமும் அதே நேரத்தில். இரண்டு நிமிடம் போதும். தவறிவிடும் என்று தோன்றினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவனுக்குத் தெரியாமல் நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிக்கொண்டே கிளம்புங்கள்.

கொஞ்ச நாளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். செல்லம் கொடுத்துக் கெட்டுவிடுவான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் கழித்து பாயை ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், அப்புறம் இன்னொரு முழம். 'திரும்பப் பார்த்தால் பயம் தெளிஞ்சிடும்' என்று அதே படத்தை மறுபடி போட்டுவிட வேண்டாம்.

அப்புறம் சித்தப்பா. அவரை ஒதுக்கிவிடாதீர்கள், இந்தப் பயத்தைக் கலைக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்கள் வீட்டில் இல்லை. 1980இல் அமெரிக்காவில் ஃபிரெட் ரோஜர்ஸ் என்பவர் தன் குழந்தைகள் நிகழ்ச்சியில், ஹல்க் வேஷம் போட்ட லூ ஃபெரிக்னோவுக்குப் பச்சைச் சாயம் பூசுவதை அப்படியே காட்டினார். எனக்கு அந்தக் கிரீடம் கிடைத்த மாதிரிதான் அது. உங்கள் கொழுந்தனார் பகல் வெளிச்சத்தில் பையனோடு உட்கார்ந்து, நடிகர்களைக் கம்பியில் தொங்கவிட்டுப் பறக்க வைப்பதையும், வெறும் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று சண்டை போடுவதையும் காட்டட்டும். இப்படிப் படமெடுக்கும் விதத்தைக் காட்டும் வீடியோக்கள் எத்தனையோ கிடைக்கின்றன. "நான் கேக்காம போட்டுட்டேன்டா, அது உனக்கான படம் இல்ல" என்று அவர் வாயாலேயே சொன்னால் பையனுக்குப் பெரிய பலம். 1978 படத்தை உங்கள் கணவர் ஒரு மத்தியானம் போட்டுக் காட்டட்டும், தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அவர்கள் சமாதானம் ஆவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஆன சமாதானம் அவனுக்குத் தெரியாது.

மகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 13 வயதுக்கு இந்தப் படத்தில் பேச நிறைய இருக்கிறது. அவளுக்கு ஏன் பிடித்தது என்று கேளுங்கள். தம்பி கனவில் அலறும்போது "இதுக்கெல்லாமா" என்று சிரிக்காமல் இருந்தால் போதும்.

இதையெல்லாம் செய்தும் நான்கு வாரம் தாண்டிப் பயம் அப்படியே இருந்தால், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பி வந்தால், தினமும் காலையில் வயிற்றுவலி என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. போனிலேயே பேச வேண்டும் என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நைட் ட்யூட்டிக்கு நடுவில் உங்களுக்கே மனசு தாங்காவிட்டாலும் அந்த எண் உங்களுக்கும்தான்.

நீங்கள் இல்லாத ராத்திரிகளில் பையன் பாட்டி பக்கத்தில்தான் படுப்பான் என்று நினைக்கிறேன். மாமியார் சின்ன வயதில் பார்த்த படுகளத்தையும் சிரசையும் அவரே அவனுக்குக் கதையாகச் சொல்லட்டும். யார் தோளில் உட்கார்ந்து பார்த்தார், நடுராத்திரி என்ன வாங்கித் தின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். தலையை வெட்டும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு 'மீதி நாளைக்கு' என்று விளக்கை அணைத்துவிட வேண்டாம். அம்மன் எழுந்து நிற்கும் வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் தூங்க வைக்க வேண்டும்.